அவள் போகாத ஊர்

மார்ச் 9

மாப்பிள்ளைக்கு,

நல விசாரிப்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் நடந்த அநியாயத்தை எழுதிவிடுகிறேன். என் மகள் சாகும்வரை பார்க்க ஆசைப்பட்ட ஊருக்கு அவளை நீங்கள் கூட்டிப்போகவில்லை. அவள் போய் இரண்டு வருஷம் முடிவதற்குள் இன்னொருத்தியை அதே ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிவிட்டு வந்திருக்கிறீர்கள். இதுதான் அநியாயம். இதற்கு வேறு பெயர் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

யாரோ வந்து சொல்லி இதை நான் நம்பவில்லை. உங்கள் புது மனைவி என் பேத்தி சில்லுவுக்கு அனுப்பிய பட அட்டைகளே சொல்லின. கோட்டைச் சுவர், மணிக்கூண்டு, ஆற்றுப் பாலம். ஒவ்வொன்றின் பின்னாலும் எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி அழகான கையெழுத்து. 'இன்று நானும் அப்பாவும் கோட்டைச் சுவர் மேலேயே ஊரைச் சுற்றி நடந்தோம். அப்பா யாரிடமும் வழி கேட்கவில்லை.' 'இந்த உணவகம் தரைக்குக் கீழே இருக்கிறது. பகலிலும் மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் சாப்பிட வேண்டும்.' கடைசி அட்டையில் ஒரு மதுக்கூடத்தின் படம். குட்டையான மரக்கதவு, அதற்கு மேலே இரும்பில் செய்த சேவல் தொங்குகிறது. 'இப்படிப் பழைய கடைகள் இங்கே தெருவுக்குத் தெரு. அப்பா என்னை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போனார்.'

பிள்ளை அத்தனையையும் என் செருப்புக்கடைச் சுவரில் ஒட்டிவிட்டாள். கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. பக்கத்துச் சாவிக்கடைக்காரன் கண்ணில் பட்டுவிட்டது.

"என்ன ஆணி, மாப்பிள்ளை ஜம்முனு ஊர் சுத்துறாரு போல. நீ இங்க அடுத்தவன் செருப்புக்குள்ள மூஞ்சிய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க."

அவன் என்னை ஆணி என்று கூப்பிடுவதற்கு ஏற்றபடி என் வாயில் வழக்கம்போல் ஆணிகள் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. வாய் காலியாக இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். 

நீங்கள் மறுபடி கல்யாணம் செய்துகொண்டதை நான் குறை சொல்லவில்லை. பதிவு அலுவலகத்துக்கு வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். அங்கிருந்த குமாஸ்தா "நீங்க பொண்ணுக்கு அப்பாவா, மாப்பிள்ளைக்கு அப்பாவா" என்று கேட்டான். "ரெண்டும் இல்ல, செத்துப்போன பொண்ணுக்கு அப்பா" என்றேன். அவன் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் உலகத்தில் வேறு ஊரே இல்லையா?

தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். பேச்சு சங்கடமாகப் போனால் 'டியூட்டிக்கு நேரமாச்சு' என்று வைத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும்.

நானும் சில்லுவும் நலம். நீங்கள் நலமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன்.

மாமா


மார்ச் 27

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன தடவை அனுப்பிய தைலம் தீர்ந்திருக்கும், மறுபடி அனுப்புகிறேன்.

கடிதம் கிடைத்தது. அந்த ஊரை நான் தேர்ந்தெடுக்கவில்லை. என் மனைவி வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் ஊழியர்களுக்குச் சலுகை விலையில் ஏற்பாடு செய்த பயணம் அது. அவள் ஆசையாகப் பெயர் கொடுத்துவிட்டாள். போய் வந்தோம். அதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

சில்லுவைப் பற்றித்தான் எழுத வேண்டும். பள்ளி விடுமுறை விட்டதும் அவளை இங்கே கூட்டி வருவதென்று போன வருஷமே பேசியிருந்தோம். ஜன்னல் பக்கம் இருக்கும் அறையை அவளுக்காக வெள்ளையடித்துவிட்டேன். நீரேற்று நிலையத்தில் இரவு ஷிஃப்ட்டிலிருந்து பகல் ஷிஃப்ட்டுக்கு மாற்றிக்கொண்டாயிற்று. இங்கே பள்ளியிலும் இடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

என்மேல் உள்ள கோபத்தை அவள் வருகையில் காட்ட மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 3

மாப்பிள்ளைக்கு,

தைலம் வேண்டாம். முழங்கால் என்னுடையது, வலியும் என்னுடையது.

'எழுத ஒன்றும் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் பார்க்காதவன். காலணி உருக்குலையாமல் இருக்க உள்ளே கசக்கித் திணிக்கிற பழைய செய்தித்தாளைப் பிரித்துப் பிரித்து எழுத்துக்கூட்டிப் படித்தவன். அதனால் எழுத்தை வீணாக்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. 'ஒன்றும் இல்லை' என்பது வீண் எழுத்து.

அவள் படுத்த படுக்கையாக என் வீட்டுக்கு வந்தபோது கையில் கொண்டுவந்தது ஒரு காலண்டர் படம். அந்த ஊரின் மணிக்கூண்டு. காலண்டர் பழசு, தேதிகளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் கட்டிலுக்கு எதிரே மாட்டச் சொன்னாள். "இதுக்குப் பின்னாடி சின்னச் சின்னச் சந்தா போகுதாம் அப்பா. எங்க திரும்புனாலும் ஒரு கடையாம். எங்க வேணா உக்காரலாமாம்" என்பாள். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னா அவர் கேப்பாரு. என்னை ஒரு தடவை கூட்டிட்டுப் போகச் சொல்லுங்கப்பா" என்றாள்.

நான் உங்களிடம் வந்து கேட்டேன். நீங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். தலை நிமிராமலே "டாக்டர் விட மாட்டாரு மாமா" என்றீர்கள். அந்தக் கயிற்றை நீங்கள் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு வெளியூர் ஆஸ்பத்திரியில் பரிசோதனை என்று சில நாள் கூட்டிப்போனீர்களே, அங்கிருந்து வந்தபின் கடைசி வாரங்களில் அவள் அந்த ஊரைப் பற்றிப் பேசவே இல்லை. அவளுக்கு நம்பிக்கையே விட்டுப்போயிற்று. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில்லுவை அனுப்ப மாட்டேன். அம்மாவின் ஆசையை இப்படி எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கிற வீட்டில் அவள் வளர வேண்டாம். வெள்ளையடித்த அறையில் சாமான் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே இருவரும் நலம்.

மாமா


மே 11

பெரியவருக்கு வணக்கம்.

உங்களை என்ன முறை சொல்லி எழுதுவது என்று தெரியாமல் மூன்று தாள் கிழித்துவிட்டேன். அப்பா என்று எழுதினால் கோபப்படுவீர்கள். ஐயா என்றால் எனக்கே அந்நியமாக இருக்கிறது. பெரியவர் என்றால் குறை சொல்ல முடியாதல்லவா. நீங்களும் சில்லுவும் சுகம்தானே? இங்கே இருவரும் உடம்பளவில் சுகம்.

நான் இதை எழுதுவது அவருக்குத் தெரியாது. உங்கள் கடிதங்களை அவர் ஒளித்து வைக்கவில்லை, சாப்பாட்டு மேஜை மேலேயே கிடந்தன. படித்துவிட்டேன். தப்புதான்.

அந்த ஊருக்குப் போகலாம் என்று கேட்டது நான். உங்கள் மகள் ஆசைப்பட்ட ஊர் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. பெயரைச் சொன்னதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "வேற ஊர் இல்லையா?" என்று கேட்டார். "ஏன், இதுக்கு என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார். அவருடைய 'ஒண்ணுமில்ல' உங்களுக்கும் தெரிந்ததுதானே.

முதல் நாள் காலை நான் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு நாற்சந்தியில் நின்றேன். அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். இடப்பக்கம் திரும்பினால் கிணற்று முற்றம், அடுத்த சந்தில் பழைய தானியக் களஞ்சியம், எல்லாம் அவருக்குக் கை ரேகை மாதிரித் தெரிந்தது. "முன்னாடி வந்திருக்கீங்களா?" என்று கேட்டதற்கு "படிச்சிருக்கேன்" என்றார். நான் நம்பினேன். சாப்பிடப் போன இடங்களில் மெல்ல மெல்லத்தான் சாப்பிட்டார். ஒவ்வொரு பப்பிலும் நுழைந்ததும் ஜன்னலோர மேஜையைத் தேடினார். அது காலியாக இல்லையென்றால் வெளியே வந்துவிட்டார். எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

சேவல் தொங்குகிற கடையில், வாசலிலேயே, கடைக்கார அம்மா அவரைப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "வாங்க வாங்க. நாற்காலி நாற்காலியா போவாங்களே, அவங்க எப்படி இருக்காங்க? உடம்பு தேவலையா?" என்று கேட்டார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

அவர் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். நான் உள்ளே போய் உட்கார்ந்து ஒரு எலுமிச்சைச் சாறு வாங்கி, அதை முழுசாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. சில்லுவுக்கு அந்தக் கடையின் அட்டையை அனுப்பியதும் அன்றைக்குத்தான். பிள்ளைக்கு ஏதாவது சந்தோஷமாக எழுதினால் எனக்கும் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன்.

உங்கள் மகள் அந்த ஊருக்குப் போயிருக்கிறார். அவரோடுதான் போயிருக்கிறார். இதை என்னிடமும் மறைத்தார், உங்களிடமும் மறைத்தார். ஏன் என்று அவர்தான் சொல்ல வேண்டும். நான் கேட்டேன், அழுகிறாரே தவிரச் சொல்லவில்லை.

நீங்கள் அவர்மேல் போட்ட பழியில் பாதியாவது தவறு என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதினேன். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சில்லுவின் சித்தி


மே 19

அம்மணிக்கு,

சுகம். அங்கேயும் சுகம் என்று நம்புகிறேன்.

கட்டியவனுக்காகப் பரிந்து எழுதுவது நல்ல குணம்தான். ஆனால் என் மகளைப் பற்றி எனக்குச் செய்தி சொல்கிற அளவுக்கு உங்களுக்கு அவளைத் தெரியாது. அவளைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போனவன் நான். கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு வர நாற்காலியைப் பிடித்து, மேஜையைப் பிடித்து, மூச்சு வாங்கி வாங்கி நடந்தவள் கோட்டை பார்த்தாளாம், சந்து சந்தாகச் சுற்றினாளாம், மதுக்கூடத்தில் உட்கார்ந்தாளாம். அவள் வாயில் மருந்தைத் தவிர எதுவும் போகவில்லை. கடைக்காரம்மா வேறு யாரையோ நினைத்துக் கேட்டிருப்பாள். கடை வைத்திருப்பவர்கள் எல்லாரையும் தெரிந்த மாதிரிதான் பேசுவார்கள். நானும் கடைக்காரன்தான், எனக்குத் தெரியாதா?

பிள்ளைக்கு இனி அட்டை அனுப்ப வேண்டாம்.

உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

பெரியவர்


ஜூன் 2

மாப்பிள்ளைக்கு,

இங்கு நலம். நலமறிய ஆவல்.

அவள் சாமான்களை நீங்கள் அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பினீர்களே, அதை நான் இதுநாள்வரை பிரிக்கவில்லை. நேற்றுப் பிரித்தேன். அவளுக்கு முதல் வேலை கிடைத்தபோது நான் செய்துகொடுத்த பழுப்புக் காலணி ஜோடி அடியில் இருந்தது.

கேட்பது ஒன்றுதான். இடது காலணியின் குதியை மாற்றியது யார்?

என் வேலை அது இல்லை. நான் மர ஆணிதான் அடிப்பேன், அதுவும் வரிசையாக. இதில் சதுரத் தலை இரும்பு ஆணி, வட்டமாக அடித்திருக்கிறது. நான் வைத்தது தோல் குதி, இது ரப்பர்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அடித்தோல் முழுக்கக் கல் தேய்த்த தேய்ப்பு. வீட்டுத் தரையில் இப்படித் தேயாது, தார் ரோட்டிலும் தேயாது. முனைப்பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது, காலை இழுத்து இழுத்து வைத்திருக்கிறாள். அந்தப் புது ரப்பர் குதியும் தேய்ந்திருக்கிறது. மாற்றிய பிறகும் நடந்திருக்கிறாள்.

பதில் எழுதவும்.

மாமா


ஜூலை 6

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்து இன்றைக்குத்தான் எழுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் 'டாக்டர் விட மாட்டாரு' என்று சொன்னேனே, அதற்கு மறு வாரம் டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "எங்க போகணும்னு கேக்குறாங்களோ கூட்டிட்டுப் போங்க. தள்ளிப் போடாதீங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் புரிந்துவிட்டது. உங்களிடம்தான் சொல்ல முடியவில்லை. நீங்கள் அப்போது அவளுக்காக வாசற்படியை இடித்துச் சரிவாகக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். கையெல்லாம் சிமெண்ட். "அடுத்த மாசம் இதுல நீயே இறங்கி வரப் போற" என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அந்த மனிதரிடம் போய், கடைசி ஆசைக்காகக் கூட்டிப்போகிறேன் என்று எப்படிச் சொல்வது? பரிசோதனை என்று சொல்லலாம் என்றது அவள்தான்.

இரண்டு கம்பளியும் ஒரு ஃப்ளாஸ்க் வெந்நீரும் கட்டிக் கொடுத்தீர்கள். ரயில் கிளம்பியதும் ஃப்ளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, "இதுல பீர் ஊத்திக்கிட்டா அப்பா வாசனை பிடிச்சுடுவாரா?" என்று கேட்டாள். அவள் சிரித்துப் பார்த்து எனக்கு ரொம்ப நாளாகியிருந்தது.

அந்த ஊர் அவளுக்காகவே கட்டினது மாதிரி இருந்தது மாமா. நீங்கள் என் மனைவிக்கு எழுதியிருந்தது உண்மை, உங்கள் மகளால் ஒரு மூச்சில் பத்து வீடு தாண்ட முடியாது. ஆனால் அங்கே பத்து வீட்டுக்கு ஒரு பப் இருந்தது. ஒவ்வொன்றிலும் போய் உட்காருவாள். ஒரு கிளாஸ் வாங்கிவைத்து உதட்டை நனைத்துவிட்டு மூஞ்சியைச் சுளிப்பாள். மிச்சத்தை நான் குடிக்க வேண்டும். மூச்சு வந்ததும் "கிளம்புங்க, அடுத்தது" என்பாள். "ஜனங்க பப் பப்பா போறாங்க. நான் நாற்காலி நாற்காலியா போறேன்" என்று கடைக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சேவல் கடைக்காரம்மா அவளுக்காக ஜன்னலோரம் மெத்தை வைத்த நாற்காலி போட்டுவைப்பார். அங்கே மட்டும் மூன்று தடவை போனோம். சூப்பும் ரொட்டியும் வாங்கி, ரொட்டியின் உள்பக்கத்தை மட்டும் தோண்டித் தின்றாள், சின்னப் பிள்ளை மாதிரி.

மணிக்கூண்டைப் போய்ப் பார்த்தோம். "காலண்டர்ல இன்னும் பெருசா இருந்துச்சு" என்றாள்.

கோட்டைச் சுவர் ஓரம் இறக்கத்தில் வரும்போதுதான் குதி பெயர்ந்தது. கல் இடுக்கில் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை போலச் செருப்புக்கடை இருந்தது. கடைக்காரரின் முக்காலியிலேயே வெறுங்காலோடு உட்கார்ந்து அவர் வேலையை மேற்பார்வை பார்த்தாள். "மர ஆணி இல்லையா? வரிசையா அடிக்க மாட்டீங்களா? எங்க அப்பா இப்படிப் பண்ண மாட்டாரு" என்று. அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அப்ப இந்த ஒத்தக் காலோட உங்க அப்பாகிட்டயே நடந்து போங்கம்மா" என்றார். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு.

வெளியே வந்ததும் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "நான் இங்க வந்தத வேணும்னா என்னைக்காவது அப்பாகிட்ட சொல்லுங்க. பப்புல உக்காந்ததக்கூடச் சொல்லுங்க. இத மட்டும் சொல்லிடாதீங்க. நான் செத்துப்போறத அவர் எப்படியாவது தாங்கிக்குவாரு. என் செருப்புல வேற கை பட்டத தாங்க மாட்டாரு."

விளையாட்டாகத்தான் சொன்னாள். பாதி விளையாட்டு.

கடைசி வாரங்களில் அவள் அந்த ஊரைப் பற்றிப் பேசவில்லை, நம்பிக்கை விட்டுப்போயிற்று என்று எழுதியிருந்தீர்கள். நம்பிக்கை விடவில்லை மாமா. போய் வந்துவிட்டாள்.

திரும்பி வந்த பிறகு அவள் வேகமாகச் சரிந்தது உங்களுக்குத் தெரியும். போனதால் அப்படி ஆகவில்லை என்று டாக்டர் சொன்னார், நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் நீங்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். 'கூட்டிப்போய்க் கொன்றுவிட்டான்' என்று நினைப்பீர்கள், அப்புறம் சில்லுவை என் கண்ணில் காட்ட மாட்டீர்கள். அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். மூடியும் பிள்ளை கைக்கு வரவில்லை. இனி மூடி என்ன பயன்?

கூட்டிப்போனதற்காக நான் வருந்தவில்லை. திட்டினாலும் வருந்தப் போவதில்லை. பிள்ளையை மட்டும் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


ஆகஸ்ட் 4

அன்புள்ள அப்பா,

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? சித்தி நல்லா இருக்காங்களா?

தாத்தா நல்லா இருக்கார்னு எழுதச் சொன்னார். ஆனா அவர் கடையத் திறக்கவே இல்ல. நிறைய பேர் செருப்பு வாங்க வந்து திட்டிட்டுப் போறாங்க. சாவிக்கடை மாமா "என்ன ஆணி, உன் பூட்டுக்கு நான் சாவி போடணுமா"ன்னு கேட்டார். தாத்தா ஒண்ணும் சொல்லல. வாயில ஆணி இல்ல, அப்பவும் சொல்லல.

உங்க லெட்டர் எங்கன்னு கேட்டேன். சட்டைப் பையில இருக்கு. குளிக்கும்போது எடுத்து ஜன்னல்ல வெப்பார், அப்புறம் திரும்பப் போட்டுக்குவார். ஒரு நாள் என்கிட்ட "உங்க அம்மாவுக்கு ரொட்டியில எது பிடிக்கும்னு உனக்குத் தெரியுமா"ன்னு கேட்டார். எனக்குத் தெரியலன்னு சொன்னேன். எனக்கும் தெரியலன்னு சொன்னார்.

வாசல்ல இருக்கிற சரிவுல நான் சைக்கிள் விட்டு விழுந்துட்டேன். முட்டியில ரத்தம். இப்ப சரியாயிடுச்சு.

அங்க என் ரூம்ல என்ன கலர்?

உங்க சில்லு


ஆகஸ்ட் 13

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். கடையைத் திறந்துவிட்டீர்களா என்று மட்டும் சில்லுவை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை


செப்டம்பர் 1

மாப்பிள்ளைக்கு,

கடை திறந்தாயிற்று. முழங்கால் முன்போலத்தான். உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையென்று நினைக்கிறேன்.

மன்னிப்பு, சமாதானம் என்று எதையும் இந்தக் கடிதத்தில் தேட வேண்டாம். இருக்காது. நான் எழுதிய அநியாயம் அநியாயம்தான், ஆளும் இடமும் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது. அவளைக் கூட்டிப்போனது சரி. என்னிடம் பொய் சொல்லிப் போனது சரியில்லை. நான் தடுத்திருப்பேன் என்று நீங்கள் இருவரும் முடிவு கட்டியது அதைவிடச் சரியில்லை. தடுத்திருப்பேன், அது வேறு விஷயம். தடுக்கிற உரிமையும் தோற்றுப்போகிற உரிமையும் எனக்கு இருந்தது. நான் கத்தியிருப்பேன், அவள் அழுதிருப்பாள், கடைசியில் ரயிலடிக்கு வந்து ஏற்றிவிட்டிருப்பேன். அதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள்.

நீங்கள் திரும்பி வந்த அன்றைக்கு நான் அவளிடம் "பரிசோதனை ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டேன். "இல்லப்பா, எல்லாரும் ரொம்ப நல்லா பாத்துக்கிட்டாங்க. உக்கார நல்ல நாற்காலி குடுத்தாங்க" என்றாள். நான் அந்த ஆஸ்பத்திரிக்காரர்களை மனசுக்குள் வாழ்த்தினேன். பிறகு தினமும் அந்தக் காலண்டர் படத்தைக் காட்டி, 'நல்லானதும் போகலாம், நானும் வரேன்' என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். போய்விட்டு வந்தவளிடம். அவளும் பொறுமையாகத் தலையாட்டினாள். எனக்குப் போக்குக் காட்டினாளா, ஆறுதல் சொன்னாளா என்று இந்த இரண்டு மாதமாக யோசித்துவிட்டேன். இனி யோசிக்கப் போவதில்லை.

ஆகவேண்டியதை எழுதுகிறேன். எதையும் மாற்றக் கூடாது.

சில்லுவுக்குப் பருவத் தேர்வு இந்த மாதக் கடைசியில் முடிகிறது. நீங்கள் நேரில் வந்து கூட்டிப்போக வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது. காலை வண்டியில் வாருங்கள், மத்தியானம் இங்கே சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நான் சமைப்பதைக் குறை சொல்லாமல் சாப்பிட வேண்டும்.

ஒவ்வொரு விடுமுறைக்கும் பிள்ளை இங்கே வர வேண்டும். அதற்குப் பொறுப்பு நீங்கள்.

உங்கள் மனைவி என்னைப் 'பெரியவர்' என்று எழுத வேண்டாம், வங்கியில் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. மாமா என்று எழுதலாம். பிள்ளைக்கு அட்டை அனுப்பக் கூடாதென்று நான் எழுதியதை வாபஸ் வாங்கவில்லை, பிள்ளை இனி அங்கேதானே இருக்கப் போகிறாள். சில்லு தூங்கப்போகும்போது அம்மாவைப் பற்றிக் கேட்பாள். தெரிந்ததைச் சொல்ல வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். 'ஒண்ணுமில்ல' என்ற சொல் அந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. இதை அமல்படுத்த வேண்டியது உங்கள் மனைவி. உங்களால் முடியாது.

அந்தப் பயணத்தால்தான் அம்மா போனாள் என்று யாராவது பிள்ளையின் காதில் போட்டால், போட்டவர் யாராக இருந்தாலும் என்னிடம் அனுப்பி வைக்கவும். நான் பேசிக்கொள்கிறேன்.

பழுப்புக் காலணி என்னிடமே இருக்கும். அந்தக் குதியை நான் பிடுங்கி மாற்றப்போவதில்லை. வேலை மோசமில்லை. வட்டமாக அடித்தாலும் பிடிப்பாகத்தான் அடித்திருக்கிறான். சேவல் கடைக்காரம்மாவுக்கு அவள் இறந்த செய்தியை உங்கள் மனைவி எழுதித் தெரிவிக்க வேண்டும், அவர் கையெழுத்துதான் நன்றாக இருக்கிறது. உடம்பு தேவலையா என்று கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் வந்திருக்கிறீர்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. அந்த ஊரில் அவள் இருந்த நாட்களை எனக்கு எழுத வேண்டும். எந்தச் சந்தில் திரும்பினாள், எந்த நாற்காலியில் எதைப் பார்த்து உட்கார்ந்தாள், யாரைக் கிண்டல் செய்தாள், சூப் சூடாக இருந்ததா, எல்லாம். மொத்தத்தையும் ஒரே தடவையில் எழுதித் தள்ளிவிடக் கூடாது. மாதத்துக்கு ஒரு கடிதம், ஒரு கடிதத்தில் ஒரு கடை. எனக்கு வயதாகிறது. நான் இருக்கிறவரைக்கும் வருகிற மாதிரி சிக்கனமாக எழுத வேண்டியது உங்கள் பொறுப்பு.

மாமா